முந்நூற்று அறுபது மாத்திரை

லப்பைக்குடிக்காட்டுக்கு வளைகுடாவிலிருந்து ஓர் ஆள் வந்து இறங்கினால், மறுநாள் காலை பத்து மணிக்குள் நசீருதீனின் மருந்துக் கடை வாசலில் ஏழெட்டு ஜோடிச் செருப்பு கிடக்கும். வருகிறவர்கள் மருந்து வாங்க வருவதில்லை. கணவனோ அண்ணனோ மருமகனோ கொடுத்தனுப்பிய டப்பாக்களைக் கைப்பையில் போட்டுக்கொண்டு, ஷைமாவிடம் படித்துக் கேட்க வருகிறார்கள். ஒரு காலத்தில் இதைப் படித்துச் சொல்ல ஊரில் ஆளில்லை. தண்ணீரில் போட்டு நுரைக்கவிட்டுக் குடிக்க வேண்டிய மாத்திரையை முழுசாக விழுங்கிவிட்டு, வயிற்றுக்குள் ஏதோ பொங்குகிறது என்று ஆட்டோ பிடித்து ஓடிய குடும்பங்கள் உண்டு.

ஷைமா டி.பார்ம் படித்தவள். அந்தக் கடையில் ஏழு வருஷமாக நிற்கிறாள். டப்பாவை வாங்கிக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, பின்பக்கத்துப் பொடி எழுத்து முழுவதையும் படிப்பாள். பிறகு கறுப்பு மார்க்கரை எடுத்து மூடியின் மேல் தமிழில் எழுதுவாள். 'மூட்டுக்கு, காலையில் ஒண்ணு.' 'கரைச்சுக் குடிக்கணும், விழுங்காதீங்க.' 'தலைக்குத் தேய்க்கிறது.' சில மூடிகளில் 'தூக்கிப் போடுங்க' என்று எழுதிக் கீழே கோடும் போடுவாள். இந்தக் கடைசி உத்தரவை மட்டும் இதுவரை யாரும் நிறைவேற்றியதில்லை. "அவ்வளவு தூரத்துலேர்ந்து அனுப்பிருக்காரே" என்று முணுமுணுத்தபடி பையில் போட்டுக்கொண்டு போய் பீரோவில் வைத்துவிடுவார்கள்.

"அனுப்பினவர் என்ன டாக்டரா?" என்று ஷைமா பின்னாலிருந்து கேட்பாள். அவளுக்கு நாக்கில் கொஞ்சம் காரம் உண்டு. கடைக்காரர் நசீருதீன் அவள் கணவனுக்குத் தூரத்து மாமா முறை. அவரே அவளுக்குப் பயந்துதான் சர்க்கரை போட்ட டீயைக் கடைக்கு வெளியே போய்க் குடிப்பார்.

கணவன் பெயர் தவ்ஹீத். ஷார்ஜாவில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் அலமாரிகளில் சரக்கு அடுக்கும் வேலை. கல்யாணமாகி ஆறு வருஷம் ஆகிறது. கல்யாணத்துக்கு வந்த லீவு ஐம்பது நாள், பிறகு இரண்டு தடவை நாற்பத்தைந்து நாட்கள். ஆக ஆறு வருஷத்தில் அவள் அவனோடு வாழ்ந்தது நூற்று நாற்பது நாள். கல்யாண வீட்டில் யாராவது "விசேஷம் ஒண்ணும் இல்லையாம்மா?" என்று கேட்டால், அந்த நூற்று நாற்பதைச் சொல்லிவிடலாமா என்று அவளுக்கு வாய் வரைக்கும் வரும். சொன்னதில்லை.

போன லீவில் அவன் திரும்பிப் போன பிறகு, பெரம்பலூரில் டாக்டர் பாக்யலட்சுமியிடம் காட்டினாள். தைராய்டு குறைவாக வேலை செய்கிறது என்றார் டாக்டர். தினமும் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை கொடுத்தார். "டி.எஸ்.ஹெச். ரெண்டரைக்குள்ள நிக்கட்டும். அப்புறம் உன் வீட்டுக்காரர் வர்றப்ப குழந்தைக்குப் பாக்கலாம், ஒண்ணும் பயமில்லை" என்றார். தைராய்டு சோர்ந்தால் ஏறுகிற அந்த எண் மெல்ல இறங்கி இரண்டேகாலில் வந்து நின்றது. அடுத்த லீவு பிப்ரவரியில். அந்த நாற்பத்தைந்து நாளுக்காகத்தான் ஷைமா தன் உடம்பை ஒரு பாத்திரம் துலக்குகிற மாதிரி துலக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

லீவுக்குச் சரியாக ஒரு வருஷம் இருக்கும்போதுதான் அந்த டப்பா வந்தது. பக்கத்து வீட்டு அன்சார் லீவில் வந்தபோது, டேப் ஒட்டிப் பெயரெழுதிய பார்சல்களை வீடு வீடாகக் கொடுத்துக்கொண்டே வந்து, இவள் வீட்டிலும் ஒன்றைக் கொடுத்தான். உள்ளே பேரீச்சம்பழம், ஒரு சென்ட், பச்சை நிறத்தில் பெரிய டப்பா ஒன்று. கடற்பாசி மாத்திரை. தவ்ஹீத் வேலை பார்க்கும் கடையில் பெண்கள் அதை வாங்கிக்கொண்டு போவதைப் பார்த்திருக்கிறான். கேட்டதற்கு, உடம்புக்கு வலு, தைராய்டுக்கு நல்லது என்று யாரோ சொன்னார்களாம்.

அவளுடைய மாமியார் பாத்திமா பீவி டப்பாவைத் திருப்பிப் பார்த்தாள். "கடல்பாசிதானே. நோன்புக்கு நாம பால் ஊத்திக் காய்ச்சுறோமே, அதுதானே. வயித்துக்குக் குளிர்ச்சி. சாப்புடும்மா" என்றாள்.

அது அது இல்லை. நோன்பு திறக்கும்போது ரோஸ் கலரில் துண்டு போட்டு வைக்கிற கடல்பாசி வேறு, இது வேறு. இது குளிர்ந்த கடல்களில் வளரும் பெரிய பழுப்புப் பாசி, கடலில் இருக்கிற அயோடினையெல்லாம் உறிஞ்சி வைத்துக்கொள்ளும். பின்பக்கத்தில் எழுதியிருந்தது: ஒரு மாத்திரையில் அயோடின் ஐந்நூறு மைக்ரோகிராம். ஒரு மனுஷிக்கு ஒரு நாளைக்கு நூற்றைம்பது போதும், அதில் பெரும்பங்கு வீட்டு உப்பிலேயே வந்துவிடும். அதற்கும் கீழே, தைராய்டு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் சாப்பிட வேண்டாம் என்று ஒரு வரி. ஷைமா இத்தனையையும் படித்தாள். இதே டப்பாவை வேறொருத்தி கொண்டு வந்திருந்தால் மூடியில் என்ன எழுதியிருப்பாள் என்பது அவளுக்கும் தெரியும், நமக்கும் தெரியும்.

ஆனால் அன்று சாயங்காலம் தவ்ஹீத் போனில் கூப்பிட்டு ஒன்று சொன்னான். "அதுல முந்நூத்தி அறுபது இருக்கு ஷைமா. தினம் ஒண்ணு போடு. டப்பா தீர்றப்ப நான் வூட்டு வாசல்ல நிப்பேன்."

அதற்குப் பிறகு அது மாத்திரையாக இல்லை. மார்க்கர் அந்த மூடியைத் தொடவே இல்லை. விடியற்காலை சுபுஹு தொழுதுவிட்டு வந்து ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்ப்பாள். அவன் அடுக்கிய அலமாரியில் இருந்தது, அவன் கை பட்டது என்று நினைத்துக்கொள்வாள். தண்ணீரோடு விழுங்குவாள். ஒரு நாள் போயிற்று. டப்பாவைக் குலுக்கினால் சத்தம் நேற்றைக்கு இன்று ஒரு பொட்டு குறைந்திருப்பதாக அவளுக்குத் தோன்றும்.

ஜூன் கடைசியில் அன்சாரின் மனைவி மர்வா கடைக்கு வந்து, நசீருதீன் அந்தப் பக்கம் போகும் வரை காத்திருந்து, கர்ப்பத் தொடக்கத்தில் போடுகிற போலிக் ஆசிட் மாத்திரை கேட்டாள். வெட்கத்தில் அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. ஷைமா அவள் கையைப் பிடித்து, "மாஷா அல்லாஹ், சத்தா சாப்புடு, வெயிட் தூக்காத" என்றெல்லாம் ஒழுங்காகத்தான் சொன்னாள். மனதாரத்தான் சொன்னாள். மறுநாள் காலை டப்பாவைத் திறந்தவள், ஒன்றுக்குப் பதில் இரண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

ஏன் என்று கேட்டால் அவளால் சொல்லியிருக்க முடியாது. சொல்லச் சொல்லி நெருக்கினால், டப்பா சீக்கிரம் தீர்ந்துவிடுமே என்று சொல்லியிருப்பாள். மாத்திரை தீர்ந்தால் விமானம் முன்னாடியே கிளம்பாது என்று தெரியாத அளவுக்கு அவள் அசடு இல்லை. தெரிந்துகொண்டேதான் தினமும் இரண்டு போட்டாள். ஊருக்கே அளவு எழுதிக் கொடுத்தவள்.

உடம்பு ஆகஸ்டில் காட்டிக்கொடுத்தது. அந்த வெயிலில் அவளுக்குக் கை சில்லிட்டது. சீப்பில் முடி கொத்தாக வந்தது. மத்தியானம் கடையில் நின்றுகொண்டே கண் சொருகியது.

"என்னம்மா, மூஞ்சி ஊதுன மாதிரி இருக்கு?" என்றார் நசீருதீன்.

"தூக்கம் பத்தல மாமா."

"நீ தூங்கிக்கிட்டேதானே நிக்கிற" என்றார் அவர். அவளுக்குச் சிரிக்கக்கூடத் தெம்பில்லை.

பெரம்பலூர் பஸ் ஏறிப் போய் ரத்தம் கொடுத்தாள். இரண்டேகாலில் நின்ற எண் பதினொன்றாகியிருந்தது. டாக்டர் பாக்யலட்சுமி காகிதத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "மாத்திரையை விட்டுட்டியா?"

"இல்லைங்க மேடம். தினம் போடுறேன்."

"புதுசா வேற ஏதாவது சாப்புடுறியா? நாட்டு மருந்து, சத்து மாவு, ஏதாவது?"

"இல்லைங்க மேடம்" என்றாள் ஷைமா. பொய் அவ்வளவு சரளமாக வந்ததில் அவளுக்கே ஆச்சரியம். தெரிந்தால் நிறுத்தச் சொல்வார். நிறுத்தினால் தவ்ஹீத் வருகிற நாளை எதை வைத்து எண்ணுவது? டாக்டர் அளவைக் கூட்டி எழுதினார். ஆறு வாரம் கழித்துச் செப்டம்பர் கடைசியில் போனபோது பதினான்கு. "எனக்குப் புரியல ஷைமா. இப்படியே போனா பிப்ரவரில குழந்தையைப் பத்திப் பேச முடியாது. தங்கினாலும் தாங்காது" என்றார் டாக்டர். அன்றைக்குத் திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அகரம்சீகூர் வரைக்கும் அழுதாள். மறுநாள் காலை வழக்கம்போல இரண்டு மாத்திரை போட்டாள்.

நாலைந்து நாள் போயிருக்கும். அகரம்சீகூரிலிருந்து கண்ணகி வந்தாள். மக்காச்சோளமும் பருத்தியும் போடுகிற வீட்டுக்காரி. மகள் சிவரஞ்சனியை ஆலத்தியூரில் கட்டிக்கொடுத்திருந்தாள், மருமகனுக்குச் சிமெண்ட் ஆலையில் வேலை. மகளுக்கு இப்போது நாலு மாதம். ரத்தம் குறைவாக இருக்கிறது என்று நர்ஸ் சொன்னதும், ஜெயங்கொண்டத்தில் ஒரு கண்காட்சியில் ஸ்பைருலினா, அதாவது சுருள்பாசி மாத்திரை என்று விற்றதை வாங்கிவிட்டார்களாம். கண்ணகி மடியிலிருந்து ஒரு பாக்கெட்டை எடுத்துக் கண்ணாடி மேஜை மேல் வைத்தாள். முகர்ந்து பார்த்தால் குளத்துவாடை அடித்தது.

ஷைமா திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எங்கே தயாரித்தது, எந்தத் தேதி, எங்கே சோதித்தது, ஒன்றும் இல்லை. "சுருள்பாசி நல்ல பொருள்தான்கா. புரதம் இருக்கு, இரும்புச் சத்து இருக்கு. ஆனா சுத்தமான தொட்டியில வளத்து, சோதனை பண்ணி விக்கணும். கண்ட தண்ணில வளர்றதுல ஈரலைக் கெடுக்கிற விஷம் சேரும், ஈயம் சேரும். இதுல பேரே இல்ல. அதுவும் வயித்துல புள்ளையோட. அரசாங்கத்துல குடுக்குற இரும்பு மாத்திரை என்னாச்சு?"

"அது வாந்தி வருதுன்னு போட மாட்டேங்குறா."

"சாப்பாட்டுக்கு அப்புறம் போடச் சொல்லுங்க. நர்ஸ்கிட்ட சொன்னா வேற குடுப்பாங்க. முட்டை குடுங்க. இந்த மாத்திரை பத்தைச் சேத்தாலும் ஒரு முட்டைப் புரதம் வராது."

கண்ணகி கேட்டுக்கொண்டாள். ஆனாலும் பாக்கெட்டை விட மனசில்லை. "சரி தங்கச்சி. இது நல்லதா வாங்கினா, ரெண்டு ரெண்டா போட்டா சீக்கிரம் ரத்தம் ஏறிடும்ல? அவ ரொம்ப வெளுத்துப் போயிருக்கா."

ஷைமாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "ரெண்டு ரெண்டா முழுங்குனா நாள் சீக்கிரம் வந்துடுமாக்கா? மாத்திரை தீரும். உடம்பு கெடும். நாள் அது பாட்டுக்கு அது வர்ற அன்னிக்குத்தான் வரும்" என்றாள். குரல் உயர்ந்துவிட்டது. உள்ளே சரக்கு எண்ணிக்கொண்டிருந்த நசீருதீன் தலையை நீட்டிப் பார்த்தார். கண்ணகி ரத்தத்தைப் பற்றித்தான் கேட்டாள். நாளைப் பற்றி அவள் கேட்கவில்லை. அது ஷைமாவுக்குச் சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது.

"கோவிச்சுக்காத தங்கச்சி, தெரியாமத்தானே கேக்குறேன்" என்றாள் கண்ணகி.

"உங்கள இல்லக்கா" என்றாள் ஷைமா. மார்க்கரை எடுத்துப் பாக்கெட்டின் மேல் 'தூக்கிப் போடுங்க' என்று எழுதினாள். அவசரத்தில் எழுத்து கோணலாக வந்தது.

மறுநாள் லீவு சொல்லிவிட்டு, பச்சை டப்பாவைப் பைக்குள் போட்டுக்கொண்டு பெரம்பலூர் போனாள். டாக்டரின் மேஜை மேல் அதை வைத்தாள். டாக்டர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பின்பக்கத்தைப் படித்தார்.

"எவ்வளவு நாளா?"

"பிப்ரவரிலேர்ந்துங்க மேடம். ஜூலைலேர்ந்து ரெண்டு ரெண்டா."

"நீ மருந்துக் கடையில நிக்கிற பொண்ணு. இதைப் படிக்கலையா?"

"படிச்சேன் மேடம்."

டாக்டர் திட்டுவார் என்று எதிர்பார்த்துதான் வந்திருந்தாள். அவர் திட்டவில்லை. யார் அனுப்பியது என்று கேட்டார். ஷைமா சொன்னாள். டப்பா தீரும்போது வருவேன் என்றதையும், மர்வா வந்து போனதையும் எல்லாம் சொல்லிவிட்டாள். சொல்லும்போது கண்ணில் தண்ணீர் ஊற்றியது. அவருக்கு முன்னால் அதைத் துடைக்க வேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை.

"பாசியையே தப்புன்னு நான் சொல்ல மாட்டேன்" என்றார் டாக்டர். "ஆனா உனக்கு இது ஒண்ணே அதிகம், நீ ரெண்டு போட்டிருக்க. ஏற்கெனவே தளர்ந்த சுரப்பி. இவ்வளவு அயோடினை வாரிக் கொட்டினா அது வேலையவே நிறுத்திடும். இன்னிக்கோட விட்டுடு. ரெண்டு மாசம் கழிச்சு ரத்தம் பாக்கலாம்."

"பிப்ரவரிக்குள்ள சரியாயிடுமா மேடம்?"

"பெரும்பாலும் ஆயிடும். உறுதியா இப்ப சொல்ல முடியாது." பிறகு டப்பாவை அவள் பக்கம் தள்ளினார். "அவர்கிட்ட சொல்லிட்டியா?"

சொல்லவில்லை. அதுதான் அவளுக்கு இதையெல்லாம்விடப் பெரிய பாடு. பன்னிரண்டு மணி நேரம் நின்று வேலை பார்க்கிறவன், ஆசையாக வாங்கி அனுப்பியது. நீங்கள் அனுப்பியதுதான் என் உடம்பைக் கெடுத்தது என்று எந்த வாயால் சொல்வது? வீட்டுக்கு வந்து மாத்திரைகளைத் தட்டில் கொட்டி எண்ணினாள். நாற்பத்தேழு மிச்சம் இருந்தன. திரும்ப டப்பாவில் போட்டு மூடினாள்.

வெள்ளிக்கிழமை அவனுக்கு விடுமுறை. ஜும்ஆ தொழுது, சாப்பிட்டு, வீடியோவில் கூப்பிடுவான். பாத்திமா பீவி மகனோடு பேசி, துஆ கேட்டு, பகல் தூக்கத்துக்குப் போய்விட்டாள். ஷைமா போனை ஜன்னல் கட்டையில் சாய்த்து வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். அவன் தலைக்கு மேலே இரும்புக் கட்டிலின் மேல்தட்டு தெரிந்தது. முடி வெட்டியிருந்தான். காதோரம் ஒரு நரை. போன லீவில் அது இல்லை.

"என்ன ஷைமா, ஒரு மாதிரி இருக்க?"

"ஒண்ணு சொல்லணும் மச்சான். கோவப்படக் கூடாது" என்று ஆரம்பித்தாள். எல்லாவற்றையும் சொன்னாள், பதினான்கையும், இரண்டு இரண்டாகப் போட்டதையும். "உங்க மேல தப்பு இல்ல. படிச்சுட்டுத்தான் போட்டேன். எனக்கு நீங்க சீக்கிரம் வரணும்னு இருந்துச்சு. அவ்வளவுதான்."

அவன் முகம் கறுத்தது. வருத்தப்படுகிறான், தன்னையே நொந்துகொள்கிறான் என்றுதான் அவள் நினைத்தாள். "இப்ப நிறுத்திட்டேன் மச்சான். பிப்ரவரிக்குள்ள சரியாயிடும்னு மேடம் சொல்லிருக்காங்க" என்று அவசரமாகச் சேர்த்துக்கொண்டாள்.

அவன் எழுந்து போனான். கட்டிலும் சுவரும் மட்டும் தெரிந்தன. பெட்டியைத் திறக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது அவன் கையில் ஒரு பச்சை டப்பா இருந்தது. அதே டப்பா, புதுசு. மூடியைச் சுற்றிய பிளாஸ்டிக் கூடப் பிரிக்கவில்லை.

"அப்ப இத நான் அனுப்ப வேணாம்" என்றான்.

ஷைமா அதைப் பார்த்தாள். அவளுக்கு எழுத்து எதையும் படிக்க வேண்டியிருக்கவில்லை. "அதுல எத்தனை மாத்திரை?" என்று மட்டும் கேட்டாள்.

"முந்நூத்தி அறுபது" என்றான் தவ்ஹீத்.

வெளியே திட்டக்குடி பஸ் ஒன்று ஆரன் அடித்துக்கொண்டு போனது.

"எப்ப சொல்லலாம்னு இருந்தீங்க?"

"போன மாசமே தெரியும். ரெண்டு பேரு வேலைய விட்டுட்டுப் போயிட்டாங்க. பிப்ரவரில லீவு இல்ல, அதுக்கு அடுத்த வருஷம்தான்னு மேனேஜர் சொல்லிட்டாரு. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சொல்லிடலாம்னு உக்காருவேன். உன் மூஞ்சியப் பாத்தா வாய் வராது. அன்சார் திரும்ப ஊருக்கு வர்றப்ப இதக் குடுத்தனுப்பலாம்னு வாங்கினேன். பாத்தா உனக்கே புரிஞ்சுடும்னு…" டப்பாவை மார்போடு வைத்துக்கொண்டு குனிந்துவிட்டான்.

ஷைமாவுக்கு அவன் தலையைத் தொட வேண்டும் போல இருந்தது. கை போன் திரை வரைக்கும் போய்விட்டு வந்தது. அவளுக்குத் திட்டத் தெரியும், அறிவுரை சொல்லத் தெரியும். இப்போது இரண்டும் வரவில்லை. மருந்துக் கடைக்காரிக்குத் தெரிந்த கேள்விதான் வந்தது.

"சீல் உடைக்கலையே மச்சான்?"

"உடைக்கல."

"பில்லு வெச்சிருக்கீங்களா?"

"இருக்கு."

"அப்ப திருப்பி எடுத்துக்குவாங்க."

"எடுத்துக்குவாங்க. எங்க கடைதானே."

"திருப்பிக் குடுத்துடுங்க. இனிமே எனக்கு எதுவும் அனுப்ப வேணாம். சென்ட் வேணாம், பேரீச்சம்பழம் வேணாம். ஆறு வருஷமா வந்த டப்பாவெல்லாம் பீரோவுல இருக்கு. நீங்க ஒருத்தர்தான் இல்ல. மேனேஜர்கிட்ட திரும்பக் கேளுங்க. குடுக்கலைன்னா வேலைய விட்டுட்டு வாங்க. பெரம்பலூர்ல இல்லாத அலமாரியா, இங்க அடுக்கிக்கலாம். எனக்கு ஒரு வருஷத்த இன்னொரு தடவை எண்ண முடியாது மச்சான்."

அவன் பார்க்கிறேன் என்றும் சொல்லவில்லை, இன்ஷா அல்லாஹ் என்றும் சொல்லவில்லை. நிமிர்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு பேரும் போனை வைக்கவில்லை. அங்கே சார்ஜ் தீர்ந்து திரை தானாக அணைகிற வரைக்கும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.

பள்ளிவாசலில் பிற்பகல் தொழுகைக்கு அஸர் பாங்கு சொன்ன பிறகுதான் ஷைமா எழுந்தாள். கைப்பையிலிருந்து மார்க்கரை எடுத்தாள். பழைய டப்பாவின் மூடியில், எட்டு மாதமாக எதுவும் எழுதாமல் விட்டிருந்த இடத்தில், 'தூக்கிப் போடுங்க' என்று நிறுத்தி எழுதிக் கீழே கோடு போட்டாள். பிறகு ஊரில் மற்றப் பெண்கள் செய்வதைத்தான் அவளும் செய்தாள். நாற்பத்தேழு மாத்திரையோடு அதைக் கொண்டுபோய், பீரோவில் அவன் சட்டைகளுக்குப் பின்னால் வைத்துப் பூட்டினாள்.